மங்காத அலங்காரம்



நம் கல்யாண வீடுகளில் அடிக்கடி வாசிக்கப்படும் வேதபகுதி ஒன்று உண்டு. பேதுரு எழுதிய முதலாம் நிருபம், மூன்றாம் அதிகாரம். பின்னிய கூந்தலிலும் பொன் நகையிலும் விலையுயர்ந்த உடுப்பிலும் அல்ல, உள்ளத்தில் மறைந்திருக்கும் சாந்தத்தில்தான் பெண்ணின் அழகு இருக்கிறது என்கிறார் அப்போஸ்தலர். கழுத்து நிறைய நகையோடு மணப்பெண் தலைகுனிந்து இருப்பாள். புருஷனை எதிர்த்துப் பேசாதே என்பதோடு பிரசங்கம் முடிந்துவிடும்.

எனக்கு அது போதாது. இதை எழுதியவர் யார்? தோட்டத்திலே வாளை உருவிப் பிரதான ஆசாரியனுடைய வேலைக்காரனின் காதை வெட்டியவர் அல்லவா? சாந்தம் அவருக்குப் பிறவிக் குணமல்ல, ஆண்டவரோடு நடந்து கற்றது. எந்தப் பயமுறுத்தலுக்கும் அஞ்சவேண்டாம் என்றும் அதே இடத்தில் பெண்களுக்குச் சொல்கிறார். அந்த வசனத்தை ஏனோ யாரும் விளக்குவதில்லை.

பொன் அழியும் என்றும் அவர் எழுதுகிறார். அதை நமக்கு யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி நாவலடியிலும் கல்லடியிலும் கடல் வீடுகளையே அள்ளிக்கொண்டு போனது. எங்கள் மாமியின் காப்பும் சங்கிலியும் அன்றுதான் போயின. பிறகு அவர் நகை வாங்கவேயில்லை. அந்த மாமியைப் பற்றித்தான் இம்மாதம் எழுத வந்தேன்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலை முடிந்து பிள்ளைகள் வெளியே நின்ற நேரம், பையோடு வந்த ஒருவன் குண்டை வெடிக்கவைத்தான். சந்தேகப்பட்டு அவனை உள்ளே விடாமல் மறித்த சபையார் ஒருவரும் உயிரிழந்தார். இறந்தோரில் பலர் சிறுபிள்ளைகள். நான் வேறு சபையைச் சேர்ந்தவள். ஆனாலும் பல நாள் எனக்கு நித்திரையில்லை.

காத்தான்குடியிலிருந்து ஒரு ராத்தா வருடக்கணக்காக எங்கள் ஒழுங்கைக்கு மருதமுனைக் கைத்தறிச் சேலை கொண்டுவருவார். தவணைக்குத் தருவார். கடனைக் கொப்பியில் எழுதுவதும் நாங்கள்தான், அவ்வளவு நம்பிக்கை. மே மாதத்தில் ஒருநாள் எங்கள் படலையில் நின்று கூப்பிட்டார். நான் யன்னல் திரையை இழுத்துவிட்டு உள்ளே இருந்துகொண்டேன். மூன்று தரம் கூப்பிட்டுவிட்டு அடுத்த வளவுக்குப் போனார். அங்கே மாமி கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்து, வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்.

பின்னேரம் மாமி வந்தார். ஏச்சு விழப்போகிறது என்று நினைத்தேன். அவர் குரலை உயர்த்தவேயில்லை.

"புள்ள, தொண்ணூறாம் ஆண்டு ஆவணியில அவட வாப்பா பள்ளிக்குத் தொழப் போனவர். மையத்தாத்தான் வீட்ட வந்தார். சுட்டவங்க எங்கட தமிழ் கதைச்சவங்க. மறுகா வருசம் அவதான் இந்தப் படலைக்கு வந்து என்னக் கூப்பிட்டவ. அவ வராட்டி, நான் அவட முகத்தப் பார்த்திருப்பனா?"

அவ்வளவுதான். வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி இரவு காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் அதிகமானோர் சுட்டுக்கொல்லப்பட்டதை நான் அறிவேன். அந்த ராத்தாவின் வாப்பா அவர்களில் ஒருவர் என்பது மட்டும் தெரியாது. இத்தனை சேலை வாங்கியும் நான் கேட்டதில்லை. சாந்தத்தைப் பற்றிச் சிறுவயதிலிருந்தே பிரசங்கம் கேட்டவள் நான். நான் திரைக்குப் பின்னால் இருந்தேன். பேதுருவின் நிருபத்தை ஒருநாளும் வாசித்திராத பெண் வெயிலில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த கிழமை மாமியோடு காத்தான்குடிக்குப் போனேன். ராத்தா கதவைத் திறந்து பாய் விரித்தார். முதலில் என் மகனின் பரீட்சையைப் பற்றி விசாரித்தார். எனக்குத் தொண்டை அடைத்தது.

"ராத்தா, அன்றைக்கு நான் வீட்டில்தான் இருந்தேன்" என்றேன்.

"தெரியும் தங்கச்சி" என்றார். "மீன் பொரிக்கிற மணம் வந்திச்சே."