டு-லெட் பலகையும் ஒதுக்கீட்டு ஆணையும்

சென்னைக்குத் தெற்கே குடிவருகிற நம் சனத்துக்கு இரண்டு வாசல்கள் இருக்கின்றன. ஒன்று, டு-லெட் பலகை தொங்குகிற வாசல். இன்னொன்று, அரசாங்கம் லாரியில் தட்டுமுட்டுச் சாமான்களோடு ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிடுகிற வாசல். முதல் வாசலில் நாம் யாரென்று துருவித் துருவிக் கேட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். இரண்டாவதில் எதையும் கேட்பதில்லை, உள்ளே தள்ளிவிடுகிறார்கள்.

வேலை மாற்றலாகி விழுப்புரத்திலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ தாம்பரத்தில் வந்து இறங்குகிற ஓர் எழுத்தரை, ஓர் ஆசிரியரை, ஒரு ரயில்வே ஊழியரை எடுத்துக்கொள்வோம். சேலையூர், சிட்லபாக்கம், குரோம்பேட்டை, மாடம்பாக்கம் என்று தெருத்தெருவாக அலைகிறார். யாரும் நேராகச் சாதி கேட்பதில்லை. நகரத்துக்கென்று ஒரு நாகரிகம் இருக்கிறதல்லவா! "சாருக்குச் சொந்த ஊரு எது?" "அங்க எந்தப் பக்கம்?" "கறி மீனெல்லாம் உண்டா?" "குலதெய்வம் எங்க இருக்கு?" காலனி என்ற ஒரு சொல் வாயிலிருந்து விழுந்தால் போதும். உடனே அமெரிக்காவிலிருந்து ஒரு தம்பி கிளம்பி வந்துவிடுவான், அவனுக்கே வீடு வேணுமாம். அன்று சாயங்காலமும் அந்தப் பலகை அங்கேதான் தொங்கும். எனக்கு இது மூன்று தெருக்களில் நடந்திருக்கிறது. கறி தின்கிற சாதி இந்துவுக்கு அதே வீடு மறுவாரம் கிடைத்துவிடுகிறது. அப்போ கேள்வி கறியைப் பற்றியதா?

இது புதுசு ஒன்றுமில்லை. கொலம்பியாவில் படித்துவிட்டு 1917இல் பரோடா அரசு வேலைக்குப் போன அம்பேத்கருக்கே அந்த ஊரில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சிகளின் விடுதியில் பார்சிப் பெயரைச் சொல்லித் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்து வெளியே போகச் சொன்னார்கள். சமஸ்தானத்தின் அதிகாரி, பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. தடி போய்விட்டது, தம்பி வந்திருக்கிறான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் நான்காவது பிரிவைப் படியுங்கள். எந்தப் பகுதியிலும் குடியிருப்பு வீடு கட்டுவதையோ, வாங்குவதையோ, அதில் குடியிருப்பதையோ தீண்டாமையின் பேரால் தடுத்தால் தண்டனை உண்டு என்று அதில் இருக்கிறது. ஆனால் 'சைவம் மட்டும்' என்ற இரண்டு வார்த்தைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிற வீட்டுக்காரர் மேல் எந்த ஸ்டேஷனில் என்ன சாட்சியோடு போவது? 2021இல் தாம்பரம் மாநகராட்சியானது. அதன் முதல் மேயர் பதவி தலித் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டு, 2022இல் வசந்தகுமாரி கமலக்கண்ணன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். இடஒதுக்கீடு நாற்காலி வரைக்கும் வரும். வாடகை வீட்டின் மாடிப்படி ஏறாது.

இதைப் பற்றி நம் நடுத்தர வர்க்கத்துத் தோழர்கள் நிறையப் பேசியாகிவிட்டது. கதை எழுதியாகிவிட்டது, கவிதையும் எழுதியாகிவிட்டது. இரண்டாவது வாசலைப் பற்றித்தான் பேச்சைக் காணோம்.

கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகளில் இரண்டு மூன்று தலைமுறையாக இருந்தவர்களை நகரம் தெற்கே தள்ள ஆரம்பித்து கால் நூற்றாண்டு ஆகிறது. 2000வாக்கில் கண்ணகி நகர். 2004 சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி. பிறகு பெரும்பாக்கத்தில் எட்டு மாடி அடுக்குகள். மூன்றிலும் சேர்த்து 40 ஆயிரத்துக்கு மேல் வீடுகள். அதில் நம் சனம்தான் மிகுதி. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, ஆற்றங்கரை ஆபத்து என்று சொல்லி ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். கொண்டுபோன இடம் எது? பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது அங்கேயும் தண்ணீர்.

சென்னை மாவட்டத்து மனிதர்களாக லாரி ஏறினவர்கள் காஞ்சிபுரம் மாவட்டத்துக்காரர்களாக இறங்கினார்கள். (பெரும்பாக்கம் 2019 நவம்பரில் செங்கல்பட்டு மாவட்டமும் ஆனது. நகராமல் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் மாவட்டம் மாறியது!) மாவட்டம் மாறுவது அதிகாரிக்கு ஒரு கோப்பு. நம்ம ஆளுக்கு ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல், பிள்ளையின் பள்ளி மாற்றுச் சான்றிதழ், முதியோர் உதவித்தொகை, காஸ் இணைப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் கூலி. என் கவுன்ட்டருக்கு முன்னால் ஓர் அக்கா நின்று கேட்டார்: "ஆதார்ல பழைய அட்ரஸு, ரேஷன் கார்டுலயும் பழைய அட்ரஸு. அந்த வீட்டத்தான் இடிச்சிட்டாங்களே சார், எந்த அட்ரஸப் போடச் சொல்ற?" எங்கள் விதிப் புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை.

மயிலாப்பூரில் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்தவருக்கு வேலை நடை தூரத்தில் இருந்தது. பெரும்பாக்கத்திலிருந்து விடியுமுன் பஸ் பிடிக்க வேண்டும். 2021இல் சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆனது, நல்ல காரியம். ஆனால் போக வர மூன்று மணி நேரம் போய்விட்டால் நான்கு வீடு இரண்டு வீடாகிவிடும். அந்த இரண்டு வீட்டுச் சம்பளத்தை எந்த அரசாணை ஈடுகட்டும்? 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், பிள்ளைகள் பொதுத்தேர்வு எழுதிக்கொண்டிருந்த நாட்களில் வீடுகளை இடித்தார்கள். ஒரு பெரியவர் தீக்குளித்துச் செத்தார். பக்கத்திலேயே வீடு தரப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது அதற்குப் பிறகுதான். ஆக, பக்கத்தில் இடம் இருந்திருக்கிறது. ஓர் உயிர் போகிறவரைக்கும் அது அதிகாரிகளின் கண்ணுக்குத் தெரியவில்லை.

சரி, வந்தாச்சு. ஊன்றிக்கொள்ள முடிகிறதா? இங்கேதான் விஷயம் இருக்கிறது. பலரிடமும் இருப்பது ஒதுக்கீட்டு ஆணை. கிரயப் பத்திரம் இல்லை. எங்கள் தொழிலில் இந்த இரண்டு காகிதத்துக்கும் உள்ள தூரம் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். பத்திரம் இருந்தால் அடமானம், கடன், பிள்ளைக்குப் படிப்பு. ஆணை இருந்தால் வாரியத்தின் தயவு. செங்கல்பட்டு மண்ணுக்கு இது பழகிப்போன கதை. 1891இல் இதே ஜில்லாவின் கலெக்டர் டிரெமென்ஹீர் எழுதிய அறிக்கையில் சொன்னதும் இதைத்தான்: பறையர்கள் குடியிருக்கிற மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை, மிராசுதார் நினைத்தால் கிளப்பிவிடலாம் என்று. அந்த அறிக்கையின் பின்னால்தான் 1892இல் பஞ்சமி நிலம் வந்தது. அந்த நிலத்தை மீட்கக் காரணையில் கிளம்பிய போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் சுட்டு ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர்விட்டார்கள். மனைக்குக் காகிதம் கேட்டு ரத்தம் சிந்திய மாவட்டத்துக்கு, காகிதம் கொடுக்காமல் ஆயிரமாயிரமாய் ஆட்களைக் கொண்டுவந்து குவித்திருக்கிறார்கள். மிராசுதார் இருந்த இடத்தில் வாரியம்.

எங்கள் தொழிலில் இன்னொரு சொல்லும் உண்டு: நெகட்டிவ் ஏரியா. எந்த அறிவிப்புப் பலகையிலும் இருக்காது. முகவரியைப் பார்த்ததும் மனு ஒருபக்கம் ஒதுங்கும். இன்டர்வியூவுக்குப் போகிற பையன் துரைப்பாக்கம் என்று போடுகிறான், கண்ணகி நகர் என்று போடுவதில்லை. பெயரில் சாதி ஒட்டாத நகரத்தில் சாதி பின்கோடுக்குள் போய்க் குடியேறியிருக்கிறது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் கபடித் தங்கம் வென்ற அணியில் ஆடிய கார்த்திகாவை 'கண்ணகி நகர் கார்த்திகா' என்றே ஊரெல்லாம் கூப்பிட்டது. நல்லது. ஆனால் தங்கம் வாங்காத பிள்ளையும் அந்த முகவரியைப் போட்டு வேலை வாங்க வேண்டும்.

தாம்பரத்தில் டு-லெட் பலகைக்கு முன்னால் அவமானப்பட்ட நம் அரசு ஊழியத் தோழர்கள் பெரும்பாக்கத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வரலாம். மேடவாக்கத்திலிருந்து ரொம்ப தூரமில்லை. கவிதை வேண்டாம், விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர்கள் போதும். மாணவர்கள் இன்னொன்றும் செய்யலாம். ஏதாவது ஓர் ஆற்றங்கரையில் கணக்கெடுப்பு என்று நோட்டுப்புத்தகத்தோடு ஆட்கள் வந்து நின்றால், சனம் பெயரைச் சொல்வதற்கு முன்னால் நாம் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும்: கிரயப் பத்திரம் எத்தனை மாதத்தில்? வீட்டம்மா பேரிலா? ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு எந்தப் பள்ளி, அங்கே இடம் இருக்கிறதா? ரேஷன் கடை எந்தத் தேதியிலிருந்து? மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும்? எல்லாவற்றையும் எழுத்தில் கொடுங்கள், கையெழுத்துப் போட்டு, சீல் வைத்து.