கை தட்டுவதற்கு முன்



நேற்று நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. கைதான ஒருவனைப் போலீஸ் சுட்டுக் கொன்றுவிட்டதாம். கீழே வரிசையாகக் கை தட்டும் பொம்மைகள். "இதுதான் சார் உடனடித் தீர்ப்பு" என்று எழுதியவன் என்னிடம் சமூக அறிவியலில் 92 வாங்கியவன். எனக்குக் கோபத்தைவிட வெட்கம்தான் வந்தது. அதிகாரப் பிரிவினையை வெறும் ஐந்து மதிப்பெண் கேள்வியாக நடத்தி அனுப்பிவிட்டேனோ?

வெள்ளைக்காரன் காலத்தில் போலீஸை மேற்பார்வை பார்த்த கலெக்டரே மாஜிஸ்திரேட்டாக உட்கார்ந்து வழக்கும் விசாரிக்கலாம். பிடிப்பவரும் தண்டிப்பவரும் ஒரே ஆள். அதை மாற்றத்தான் அரசியலமைப்பில் 50-ஆவது பிரிவு வந்தது. ஆனாலும் பொதுச் சட்டமாக அது நடைமுறைக்கு வர 1974 ஏப்ரல் 1 ஆயிற்று. அவ்வளவு காலம் போராடிப் பிரித்ததை நீங்கள் ஒரு கை தட்டலில் திரும்பச் சேர்த்துவிடுகிறீர்கள்.

2019 டிசம்பர் 6, ஹைதராபாத் அருகே நால்வர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பெண் மருத்துவரைச் சீரழித்துக் கொன்ற வழக்கு. யாருக்குத்தான் ரத்தம் கொதிக்காது? போலீஸ் மீது பூத் தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் 2022-இல் என்ன சொன்னது? கொல்லும் நோக்கத்தோடே சுட்டார்கள், பத்துப் போலீஸாரைக் கொலை வழக்கில் விசாரிக்க வேண்டும், இறந்தவர்களில் மூவர் சிறார்கள் என்றது. தூவிய பூவைத் திரும்பப் பொறுக்க முடியுமா?

"நீதிமன்றம் இழுத்தடிக்குதே சார்?" உண்மைதான். டெல்லி நிர்பயா வழக்கு முடிய ஏழு ஆண்டுக்கு மேல் ஆனது. அதற்கு நீதிபதி இடங்களை நிரப்பு, கூடுதல் நீதிமன்றம் திற என்று கேளுங்கள். மருத்துவமனையில் கூட்டம் என்பதற்காகக் கம்பவுண்டரை ஆபரேஷன் செய்யச் சொல்வீர்களா?

நம் பக்கத்திலேயே சாத்தான்குளம் இருக்கிறது. 2020 ஜூன். ஊரடங்கில் செல்போன் கடையை நேரம் தாண்டித் திறந்து வைத்ததாகப் பிடிக்கப்பட்ட தந்தையும் மகனும் காவலில் வதைபட்டு இறந்தார்கள். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்ற விதி எதற்கு? உடம்பில் காயம் இருக்கிறதா என்று ஒரு வெளியாள் பார்க்கத்தான். அன்று அவர்களைச் சரியாகப் பார்க்காமலே சிறைக்கு அனுப்பினார்கள் என்பதுதான் எழுந்த பெரிய குற்றச்சாட்டு. தடுப்புச் சுவர் இருந்தும் பயன்படவில்லை.

பிறகு அதே சுவர்தான் வேலையும் செய்தது. மதுரைக் கிளை தானாக வழக்கை எடுத்து, கோவில்பட்டி மாஜிஸ்திரேட்டை அந்த ஸ்டேஷனுக்கே விசாரிக்க அனுப்பியது. அங்கே ஒரு காவலர் தன்னையே ஒருமையில் இழிவாகப் பேசியதாக அவர் அறிக்கை கொடுத்தார். நீதித்துறை அதிகாரியிடமே இப்படி என்றால், கடைக்காரரிடம் எப்படி இருந்திருக்கும்! அங்கே வேலை பார்த்த பெண் தலைமைக் காவலர் ஒருவர் துணிந்து சாட்சி சொன்னார். அந்தம்மாவுக்குத் தட்டியிருக்கலாம் நீங்கள் கை.

92 வாங்கியவனே, உன் அப்பாவும் கடை வைத்திருக்கிறார். ராத்திரி பத்து மணிக்கு ஷட்டர் போடும் கடை. படத்தை அழி என்று நான் சொல்லப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, டீச்சரம்மா அடை சுடுவதாகச் சொல்லியிருக்கிறாள். விட்ட பாடத்தை நடத்தி முடிக்கிறேன்.