ஹைதராபாத் - சிகாகோ: தூரம் மாறவில்லை, பயண நேரம் நீள்வது ஏன்?

ஹைதராபாத்: ஹைதராபாத்திலிருந்து அமெரிக்காவின் சிகாகோ நகருக்கு வான்வழித் தொலைவு சுமார் 13,300 கிலோமீட்டர். மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் செல்லும் விமானம் இதனை 15 மணி நேரத்திற்குள் கடந்துவிட வேண்டும். ஆனால், 2021 ஜனவரி 15ஆம் தேதி ஏர் இந்தியா நிறுவனம் இத்தடத்தில் வாரம் ஒருமுறை நேரடி சேவையைத் தொடங்கியபோது, அட்டவணைப்படி பயண நேரம் 16 மணி 45 நிமிடங்களாக இருந்தது.

பகல் 12.50 மணிக்குப் புறப்பட்டு, அதே நாள் மாலை 6.05 மணிக்குத் தரையிறங்கும் என்ற அந்த அட்டவணையைக் கண்டு, ஐந்தே மணி நேரப் பயணம் என எண்ணிவிடக் கூடாது. இரண்டுமே அந்தந்த ஊரின் நேரம். குளிர்காலத்தில் சிகாகோ நம்மைவிடப் பதினொன்றரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். மறுமார்க்கத்தில் பயணம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் குறைவு. மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசும் உயர்வான் காற்று திரும்பும் விமானத்திற்குத் துணை நிற்பதே இதற்கு முக்கியக் காரணம்.

சுவரில் தொங்கும் வரைபடத்தைப் பார்த்தால் சிகாகோ நேர் மேற்கே இருப்பதாகத் தோன்றும். உண்மையில், உருண்டைப் பூமியில் மிகக் குறுகிய பாதை ஏறத்தாழ வடக்கு நோக்கிச் செல்கிறது. டெல்லியை ஒட்டி, மத்திய ஆசியா, சைபீரியா வழியாக ஆர்க்டிக் பகுதியைத் தொட்டு, கனடாவுக்கு மேலாக இறங்குகிறது. எனவே டெல்லியில் விமானம் மாறுவதால் தூரம் கூடுவதே இல்லை எனலாம். துபாய் வழியாகச் சென்றாலும் சுமார் 900 கி.மீ.தான் அதிகம், பறக்கும் நேரத்தில் அது ஒரு மணி நேரம். எஞ்சிய தாமதம் முழுவதும் விமான நிலையக் காத்திருப்பே.

ஆனால், அந்தக் குறுகிய பாதை எல்லோருக்கும் திறந்திருப்பதில்லை. 2025 ஏப்ரல் 24ஆம் தேதி பாகிஸ்தான் தனது வான்வெளியை இந்திய விமான நிறுவனங்களுக்கு மூடியது. டெல்லியிலிருந்து மேற்கே செல்லும் இந்திய விமானங்கள் அரபிக்கடல் வழியாகச் சுற்ற வேண்டியதாயிற்று; வட அமெரிக்க சேவைகள் சில, எரிபொருள் நிரப்ப வியன்னா, கோபன்ஹேகன் நகரங்களில் நின்று சென்றன. டெல்லி - வாஷிங்டன் சேவையை 2025 செப்டம்பர் 1 முதல் நிறுத்திய ஏர் இந்தியா, விமானப் பற்றாக்குறையுடன் இந்த வான்வெளித் தடையையும் காரணமாகக் கூறியது. வளைகுடா, ஐரோப்பிய நிறுவனங்களுக்கு அத்தடை இல்லை. ஆக, ஒரே இரு நகரங்களுக்கு இடையிலான பயண நேரத்தை விமானம் எந்நாட்டுடையது என்பதும் தீர்மானிக்கிறது.

ஹைதராபாத்தின் நேரடி சிகாகோ சேவையும் நீடிக்கவில்லை. 238 இருக்கைகள் கொண்ட போயிங் 777-200எல்ஆர் விமானம் அதில் பயன்படுத்தப்பட்டது. இவ்வளவு தூரத்தை இடைநில்லாமல் கடக்கும் திறனுள்ள விமானங்கள் ஏர் இந்தியாவிடம் சிலவே இருந்தன. 2008 முதல் அமெரிக்கத் துணைத் தூதரகம் இயங்கும் நகரம் இது. விசாவை உள்ளூரிலேயே பெற்றுக்கொள்ளும் தெலங்கானா, ஆந்திர மாணவர்களும், பிள்ளைகளைக் காணச் செல்லும் முதிய பெற்றோரும் வேறொரு நகரில் இறங்கி விமானம் மாறியே அமெரிக்கா செல்கின்றனர்.