நல்ல தலைவருக்குக் கணக்கு எதற்கு?

"குழாயில தண்ணி வருதா, தெருவிளக்கு எரியுதா, அதைப் பாருங்க. கணக்கெல்லாம் ஆபீஸ் சமாச்சாரம்." ஊராட்சித் தலைவர்கள் மட்டுமல்ல, கிராம சபைக்கு வருகிற மக்களிலும் பலர் இதை நம்புகிறார்கள். வேலையை முடிப்பவர் நல்லவர். கணக்குக் கேட்பவர் வேலையைக் கெடுக்கிறவர். கணக்கு தாமதமானால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது என்கிறது இந்த எண்ணம். போகும் என்கிறேன் நான்.

மூன்றடி ஆழத்தில் பதிக்க வேண்டிய குழாயை ஒன்றரை அடியில் பதித்துவிட்டால், அளவுப் புத்தகத்தையும் பில்லையும் வைத்துக்கொண்டு அந்த ஆண்டே தோண்டிப் பார்த்துக் கேட்கலாம். மூன்று வருடம் கழித்துக் கேட்டால்? மேலே சிமென்ட் சாலை வந்திருக்கும். ஒப்பந்ததாரர் வைப்புத் தொகையைத் திரும்ப வாங்கியிருப்பார். பொறியாளர் மாறுதலில் போயிருப்பார். தலைவரின் ஐந்தாண்டுப் பதவியும் முடிந்திருக்கும். தணிக்கைத் தடை எழுதப்படும். பதில் சொல்லத்தான் ஆள் இருக்காது. காலம் கடந்து வரும் கணக்கால் அலமாரிதான் நிறையும்.

பணக் கணக்குக்கு வருவோம். 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு 15ஆவது நிதிக்குழு உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியம் 4,36,361 கோடி ரூபாய். 2023-24 முதல் அது ஒரு நிபந்தனை வைத்தது: முந்தைய ஆண்டின் தற்காலிகக் கணக்கும், அதற்கும் முந்தைய ஆண்டின் தணிக்கை முடிந்த கணக்கும் பொதுமக்கள் பார்க்கும்படி இணையத்தில் இருக்க வேண்டும். இல்லாத உள்ளாட்சிக்கு மானியம் இல்லை என்றது. கொடுமையான விதியா இது? தணிக்கைக்கு ஓராண்டு அவகாசம் தந்தது. 2023-24க்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் ஒரு மாநிலத்தின் உள்ளாட்சிகளில் கால்வாசி தேறினாலே போதும் என்று விட்டுப்பிடித்தது. ஊரக மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டப்பட்டது. ஆக, கணக்கு தாமதமானால் அடிபடுவது குழாயடியில் நிற்கிற பெண்கள்தான்.

"இது டெல்லியின் அதிகாரத் திணிப்பு" என்று மாநில உரிமை பேசுவோர் சிலர் கொதிக்கிறார்கள். மானியம் வந்த பத்து வேலை நாட்களுக்குள் மாநில அரசு அதை உள்ளாட்சிகளுக்கு அனுப்பியாக வேண்டும், தவறினால் வட்டி கட்ட வேண்டும் என்றும் அதே நிதிக்குழுதான் சொன்னது. அந்த வட்டியைக் கேட்கக்கூட எந்தத் தேதியில் எவ்வளவு வந்தது என்று காட்டும் கணக்கு ஊராட்சியின் கையில் இருக்க வேண்டும். கணக்கில்லாத ஊராட்சி மேலிடத்தில் கெஞ்சலாம், வாதாட முடியாது.

"ஒரே ஊராட்சிச் செயலர் வரி வசூலிப்பாரா, நூறு நாள் வேலையைப் பார்ப்பாரா, கணக்கு எழுதுவாரா?" இந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் அதிலிருந்து கிளம்ப வேண்டிய கோரிக்கை, கணக்கு எழுத ஆள் கொடு என்பது. கணக்கை மன்னித்துவிடு என்பதல்ல. தணிக்கைத் துறையின் தாமதத்துக்கும், ஆள் போடாத அரசின் அலட்சியத்துக்கும் ஊர் ஏன் தண்ணீரை இழக்க வேண்டும்? ஊருக்கு மானியத்தை நிறுத்துகிற விதி, தாமதத்துக்குக் காரணமான அதிகாரியின் பெயரையும் கேட்க வேண்டும். அந்த ஓட்டையை அடைக்கச் சொல்வோம். கெடுவையே எடுத்துவிடச் சொன்னால் லாபம் அந்த அதிகாரிக்குத்தான்.

தமிழ்நாட்டில் கிராம சபை கூட ஆண்டுக்கு ஆறு நாட்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன. மார்ச் 31இல் நிதியாண்டு முடிகிறது. அடுத்த சபை மே 1. வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, வங்கியில் மீதி எவ்வளவு என்று அன்றைக்கு வாசித்துவிட்டு மற்ற தீர்மானங்களுக்குப் போகட்டும். வாசிக்காமல் நீட்டப்படும் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயம் எந்த வாக்காளருக்கும் இல்லை.