தோல்வியை நினைக்கும் ஈ

கனிந்த வாழைப்பழத்தை மொய்க்கும் சிற்றீக்களை நாம் கையால் விசிறித் துரத்துகின்றோம். அவற்றுள்ளும் மல்லர் உளர் என எண்ணுவதில்லை. உணவுக் கிண்ணமொன்றில் இரு ஆண் ஈக்களை விட்டால், பின்னங்கால்களில் எழுந்து ஒன்றன்மேல் ஒன்று பாய்ந்து பொரும். பெண் ஈக்களோ தலையால் முட்டித் தள்ளும்.

அமெரிக்காவின் ஹாவாட் மருத்துவக் கல்லூரியில் எட்வேட் கிறவிற்ஸ் என்பாரும் அவர்தம் குழுவினரும் இப்போர்களைப் பல்லாண்டு ஆராய்ந்தனர். 2006இல் அவர்கள் வெளியிட்ட முடிவே நம்மை நிறுத்தி வைத்தது. ஒருமுறை தோற்ற ஈ, சற்று ஆறியபின் போர் காணாத புதிய ஈயோடு விடப்பட்டபோதும் பெரும்பாலும் வெல்லவில்லை. பரீட்சையில் தவறிய மாணவன் மறுமுறை வினாத்தாளைக் கண்டதும் நடுங்குவதை நாம் அறிவோம். ஈயிடத்தும் அத்தகையதொன்று இருக்குமென எவர் நினைத்தார்? தன்னை வென்ற ஈயோடு அது பொருத முறை வேறு, அறியாத ஈயோடு பொருத முறை வேறு. கடுகினும் சிறிய அம்மூளையில் உள்ளவை சுமார் 1,40,000 நரம்பணுக்களே.