தாழ்மை ஒரு தன்வினை

பெருமையை வெல்வது எப்படி, தாழ்மையில் வளர்வது எப்படி என்று தமிழ்க் கிறித்தவப் பிரசங்க மேடைகள் ஓயாமல் போதிக்கின்றன. அந்தப் போதனையில் பெருமை என்பது தனிமனித மனத்தில் முளைக்கும் ஒரு களை. ஜெபித்தால், கண்ணீர் விட்டால், 'நான் ஒன்றுமில்லை' என்று அறிக்கையிட்டால் அது வாடிவிடும். இது பொய்யான போதனை என்று சொல்ல மாட்டேன். வசதியான போதனை என்பேன். நம் மண்ணின் முதன்மையான பெருமை எவரும் உழைத்து ஈட்டியதன்று, பிறக்கும்போதே கைக்கு வந்து சேர்வது. அதன் பெயர் சாதி. அதைத் தொடாமல் தாழ்மை பேசுவது, வேரை விட்டுவிட்டு இலையைக் கிள்ளுவது.

இலக்கணமே இதைத் தெளிவாக்குகிறது. தாழ்தல் தன்வினை; தாழ்த்துதல் பிறவினை. 'தன்னைத் தாழ்த்துதல்' என்று வேதாகமத் தமிழ் சொல்லும்போதும், தாழ்த்துபவரும் தாழ்பவரும் ஒருவரே. 'தாழ்த்தப்பட்டோர்' என்ற சொல்லிலோ தாழ்த்தியவர் வேறொருவர். அவர் பெயர் சொல்லப்படுவதில்லை. இரண்டும் ஒரே வேரில் பிறந்த சொற்கள் என்பதால் நம் பிரசங்கிகள் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகத் தாழ்த்தப்பட்டவரிடம் போய்த் 'தாழ்மையாயிரு' என்று போதிப்பது ஆன்மிகமன்று, அநீதிக்கு இடும் முத்திரை. பள்ளத்தைத் தேடித்தான் தண்ணீர் வரும் என்பது குண்டாற்றங்கரைச் சம்சாரிக்குத் தெரியும். ஆனால் அவனவன் இறங்கிய பள்ளம் வேறு, பிறர் வெட்டித் தள்ளிய பள்ளம் வேறு.

இந்த வேறுபாட்டைத் திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரத்தார் அறியாதவர்கள் அல்லர். 1834இல் மதுரையில் தொடங்கிய அமெரிக்கன் மதுரை மிஷன், பின்னர் திருமங்கலம், அருப்புக்கோட்டை, மண்டபசாலை எனக் கண்மாய் வறளும் ஊர்களுக்கெல்லாம் விரிந்தது. 1847இல் அந்த மிஷன் தன் உபதேசியார்களுக்கும் சபையாருக்கும் ஒரு சோதனை வைத்தது: எல்லாச் சாதியாரோடும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ண வேண்டும். மறுத்தவர்கள் சபை உறுப்பிலிருந்து நிறுத்திவைக்கப்பட்டார்கள். உபதேசியார்கள் பலரும் அவர்களுள் அடக்கம். ஊருக்குத் தாழ்மையைப் போதித்தவர்களால் ஒரு கவளத்தை விழுங்க முடியவில்லை.

எதிர்த்தரப்பை எளிதில் தள்ளிவிட இயலாது. பேராயர் டேனியல் வில்சன் 1833இல் திருச்சபைக்குள் சாதி கூடாது என்று ஆணையிட்ட காலத்தில், அதை எதிர்த்து நின்றவர்களுள் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் (1774–1864) ஒருவர். அவருடைய பக்தியையோ புலமையையோ ஐயுற முடியாது. சாதி உலக வழக்கம், விசுவாசத்தோடு அதற்குத் தொடர்பில்லை என்பது அத்தரப்பின் வாதம். லைப்சிக் லுத்தரன் மிஷனும் வற்புறுத்தலை ஏற்கவில்லை. உள்ளம் மாறினால் வழக்கம் தானே உதிரும் என்று காத்திருந்தது. காத்திருப்புக்கு எல்லை உண்டா என்பதே நம் கேள்வி. அந்தியோகியாவில் பேதுரு புறசாதியாரோடு உண்பதை விட்டு விலகியபோது, பவுல் அவருடைய உள்ளத்தை ஆராயவில்லை. பந்தியைப் பார்த்தார், எல்லார் முன்னிலையிலும் கண்டித்தார்.

ஆனால் மிஷனரிகளையும் புனிதர்களாக்கிவிடக் கூடாது. மதுரைச் சமவெளியின் வெயிலும் நோயும் தாங்காமல் 1845இல் கொடைக்கானல் மலையில் முதல் வீடுகளைக் கட்டிக்கொண்டவர்களும் இதே மிஷனைச் சேர்ந்தவர்கள்தாம். குடும்பத்தாரை நோய்க்குப் பறிகொடுத்தவர்கள் அவர்கள். மலையேறியதற்காகப் பழிக்க மாட்டேன். எனினும் உள்ளூராரின் பெருமைக்கு 1847இல் தேர்வு வைத்தவர்கள், தங்கள் பெருமைக்குத் தேர்வு வைக்கவில்லை. யார் தீர்மானிப்பது, யார் கீழ்ப்படிவது என்ற மேடு பள்ளம் அப்படியே இருந்தது. பிறருக்கு மட்டும் கட்டளையிடப்படும் தாழ்மை, பெருமையின் இன்னொரு முகம்.

இது பழங்கதை என்போருக்குச் சில ஆண்டுகளை நினைவூட்டுகிறேன். சாதிக்கொரு பகுதியாகப் பிரித்துக் கட்டப்பட்ட வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலின் நடுச்சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. அதற்கு ஏறத்தாழ நூறாண்டுகள் கழித்து, 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் கிறித்தவர்களுக்கிடையே சாதி மோதல் வெடித்தது. காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் இருவர் இறந்தனர். 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை நிலவுவதை ஒப்புக்கொண்டது. கல்லில் எழுப்பிய சுவர் இடிந்தது. மனத்தில் எழுப்பிய சுவருக்குக் கடப்பாரை போதாது.

பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்கு ஆண்டுதோறும் நடக்கிறது. யார் பாதத்தை யார் கழுவுகிறார் என்று கேட்டால் அது சடங்கைக் கெடுப்பதாகக் கருதப்படுகிறது. கேட்டே ஆகவேண்டும். தாழ்மையில் வளர்ந்தோமா என்பதை அறியக் கண்ணீர் அளவுகோல் ஆகாது. சேகரத் தேர்தலில் எந்தச் சாதிக்கு வாக்களித்தோம்? கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்த மூலை? பெண் கொடுக்கவும் எடுக்கவும் எந்த வீட்டு வாசல் வரை போனோம்? இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்லிவிட்டு முழங்காலில் நிற்கட்டும் நம் சபைகள். மேட்டில் இருப்பவர் தாமே இறங்குவதற்குத்தான் தாழ்மை என்று பெயர்.