கூடை உண்டு, கூலி உண்டா?

சேப்பாக்கத்தில் விளக்குகள் எரியும் இரவுகளில் திருவல்லிக்கேணி உறங்குவதில்லை. வாலாஜா சாலை நெடுகிலும் மஞ்சள் சட்டை வெள்ளம்! பாரதி சாலைத் தேநீர்க் கடைகளில் நிற்கவும் இடமில்லை! உள்ளே நுழையச் சீட்டு வாங்க வசதியற்றவன் மதிலோரம் நின்று, எழும் ஆரவாரத்தை வைத்தே ஓட்டத்தைக் கணக்கிடுகிறான். அதை நாம் பழிக்கவில்லை. பழிப்பானேன்? உழைத்துக் களைத்தவன் ஆட்டம் பார்த்து மகிழ்வது குற்றமா? 2008இல் பிறந்த கிரிக்கெட் லீக் இன்று கோடிகளில் புரள்கிறது. புரளட்டும்.

ஆனால் அதே திருவல்லிக்கேணியின் சந்துகளில், 'மேன்ஷன்' என்று நாம் அழைக்கும் விடுதிகளில், வேறோர் இளைஞனும் தங்குகிறான். ஆறடிக்கு மேல் வளர்ந்தவன். கட்டில் அவனுக்குப் போதாது. கால் இரண்டும் வெளியே நீண்டிருக்கும். பெரியகுளத்திலிருந்தோ கரூரிலிருந்தோ ஒரு பையும் ஒரு பந்தும் எடுத்துக்கொண்டு வந்தவன். வங்கியிலே ஆள் எடுக்கிறார்கள், ரயில்வேயிலே தேர்வு வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்தவன். அவனுக்கு மஞ்சள் சட்டை இல்லை, விளம்பரம் இல்லை, ஆனால் கையிலே வித்தை இருக்கிறது. இருபதடித் தொலைவிலிருந்து எறிந்தால் பந்து கூடையிலே விழும். சோறு தட்டிலே விழுமா என்பதுதான் அவனுக்குள்ள கேள்வி.

இந்த இளைஞனை மறந்துவிட்டுத்தான் "தேசியக் கூடைப்பந்து லீக்" என்று மேடைதோறும் முழங்குகிறார்கள். ஆகவே அவன் பக்கம் நின்று நாம் பேச வேண்டியிருக்கிறது.

கூடைப்பந்து சென்னைக்குப் புதிதா? இல்லை. 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரிலே, குளிர்காலத்தில் மாணவர்கள் கூரைக்குக் கீழே ஆட ஓர் ஆட்டம் வேண்டுமென்று, ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் பழக்கூடைகள் இரண்டை மாடத்திலே கட்டித் தொங்கவிட்டார். அங்கே பிறந்தது இந்த ஆட்டம். அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக், 1920இல் நம் சென்னையிலே ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். இன்றும் நந்தனத்திலே அந்தக் கல்லூரி இருக்கிறது. அங்கே பயின்ற ஆசிரியர்கள் ஊர் ஊராகச் சென்றார்கள், பள்ளிக்கூட மைதானங்களிலே கம்பம் நட்டார்கள், வளையம் மாட்டினார்கள். நூறாண்டுப் பயிர் இது! விதைத்தவர்கள் ஆசிரியர்கள். நீர் ஊற்றியவர்கள் ஊர்க்காரர்கள். அறுவடைக்கு மட்டும் வேறு ஆட்கள் வருகிறார்கள்!

வந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம்.

2010இல் ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸ் நிறுவனம் இந்தியக் கூடைப்பந்து சம்மேளனத்தோடு நெடுங்கால ஒப்பந்தம் செய்துகொண்டது. தொழில்முறை லீக் வருகிறது என்றார்கள். சில சிறுவர் சிறுமியரை அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அனுப்பிப் பயிற்சி தந்தார்கள். அப்படிப் போனவன்தான் பஞ்சாபின் பல்லோ கே சிற்றூரைச் சேர்ந்த சத்னம் சிங். 2015இல் டல்லாஸ் மாவெரிக்ஸ் அணி அவனை 52ஆம் தேர்வாக எடுத்தது. இந்தியாவிலே பிறந்த ஒருவன் என்.பி.ஏ. தேர்வில் எடுக்கப்பட்டது அதுவே முதல் முறை. மகிழ்ந்தோம்! ஆயினும் என்.பி.ஏ. லீக் ஆட்டம் ஒன்றிலேனும் களமிறங்கும் வாய்ப்பு அவனுக்குக் கிட்டவில்லை. திரும்பி வந்தால் ஆட இங்கே லீக் வேண்டுமே! 2010இல் சொன்ன லீக் எங்கே? பத்தாண்டு கழிந்தும் பிறக்கவில்லை.

2015இல் யூ.பி.ஏ. என்ற பெயரில் வேறொரு லீக் வந்தது. எட்டு அணிகள், நமக்குச் 'சென்னை ஸ்லாம்'. சம்மேளனத்தின் அங்கீகாரம் அதற்கு இல்லை. அதே ஆண்டில் சம்மேளனமே இரண்டாகப் பிளந்து, இரு பிரிவினரும் தாமே உண்மையான சம்மேளனம் என்று உரிமை கொண்டாடிய வேடிக்கையும் நடந்தது! நான்கு பருவங்கள் ஓடின. 2017க்குப் பிறகு அந்த லீக்கின் ஓசை அடங்கிற்று. 2018இல் மூவர் ஆட்டத்துக்கென ஒரு லீக் எழுந்தது.

பிறகு சம்மேளனமே முன்வந்து ஐ.என்.பி.எல். என்ற லீக்கை நடத்தியது. 2022 அக்டோபரில் தொடங்கி 2023 ஜனவரியில் முடிந்த ஐவர் ஆட்டப் பருவத்தில் ஆறு அணிகள் மோதின. பட்டம் வென்றது யார்? சென்னை ஹீட்! பெங்களூரு கிங்ஸ் அணியை வீழ்த்தி வாகை சூடினர் நம் வீரர்கள். திருவல்லிக்கேணியிலே எத்தனை பேருக்கு அது தெரியும்? ஏன் தெரியவில்லை? சுற்றுகள் நடந்த ஊர்கள் கொச்சி, ஜெய்ப்பூர், புனே, பெங்களூரு! சென்னையின் பெயரை நெஞ்சிலே எழுதிக்கொண்டு ஆடியவர்கள், சென்னைத் தரையிலே ஒரு சுற்றுக்கூட ஆடவில்லை. தன் ஊர் மக்கள் காணாமலே வென்ற வெற்றி அது! 2025 தொடக்கத்திலே 25 வயதுக்குட்பட்டவர்களுக்கென ஐ.என்.பி.எல். புரோ நடந்தது. எங்கே? டில்லியிலே!

தோழர்களே, குறை எங்கே என்பது இப்போது விளங்குகிறதல்லவா? பெயர்ப்பலகை எழுதுகிறார்கள், வீடு கட்டுவதில்லை. பருவம் தோறும் பெயர் மாறுகிறது, இடம் மாறுகிறது, முதலாளி மாறுகிறார். மாறாதது ஒன்றுதான்: அடுத்த ஆண்டு ஆட்டம் உண்டா என்று அறியாமல் நிற்கும் ஆட்டக்காரனின் ஏக்கம்!

"மக்கள் கூடைப்பந்து பார்ப்பதில்லை, அதனால் பணம் வருவதில்லை" என்று அவர்கள் சொல்லக்கூடும். அப்படியா? கோடை வந்தால் பெரியகுளத்துக்குப் போய்ப் பார்க்கட்டும்! வெள்ளிவிழா விளையாட்டுக் கழகம் நடத்தும் அகில இந்தியப் போட்டிக்கு ஊரே திரள்கிறது. கோவையிலே நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பைப் போட்டி உண்டு. கரூரிலும் அகில இந்தியப் போட்டி உண்டு. அங்கெல்லாம் வங்கி அணியும் படை அணியும் மோதும்போது, வேலை முடித்து வந்தவன் துண்டை விரித்து உட்கார்ந்து பார்க்கிறான். 2022 ஏப்ரலில் சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் தேசியப் போட்டி நடந்தபோது, பஞ்சாபை இறுதியில் வென்று தமிழ்நாட்டு ஆண்கள் அணி பட்டம் பெற்றது. ஆட்டம் இருக்கிறது, ஆட்டக்காரன் இருக்கிறான், பார்ப்பவனும் இருக்கிறான். கடல் கடந்து அமெரிக்க அணிகளே 2019 அக்டோபரில் மும்பைக்கு வந்து இரண்டு நாள் ஆடிவிட்டுப் போயினவே! சந்தை இல்லாத இடத்துக்கா அவர்கள் கடை விரிக்க வருவார்கள்?

சரி, லீக் இல்லாத இத்தனை ஆண்டும் நம் ஆட்டக்காரனுக்குச் சோறு போட்டவர் யார்? கோடீசுவரரா? இல்லை! இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, தென்னக ரயில்வே, ஓ.என்.ஜி.சி., படைத்துறை ஆகிய பொதுத்துறைகளும் அரசுத் துறைகளும்! காலையிலே பயிற்சி, பிறகு அலுவலகம், மாலையிலே மீண்டும் பயிற்சி. மாதம் பிறந்தால் சம்பளம். முழங்கால் முறிந்தால் மருத்துவம். ஓய்ந்தபின்னும் வேலை. தென்னக ரயில்வேயின் அனிதா பால்துரை சென்னையிலே ஆடி, இந்திய அணிக்குத் தலைமை தாங்கி, தாயான பின்னும் களத்துக்குத் திரும்பி, 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவரை ஏந்தி நின்றது எந்த லீக்? எந்த லீக்கும் அல்ல. நிலையான வேலை! யூ.பி.ஏ. நடத்தியதும் ஆண்களுக்கே, 2022-23 பருவமும் ஆண்களுக்கே. லீக்காரர் கண்ணில் பெண் ஆட்டக்காரர் தட்டுப்படுவதே அரிதாக இருக்கிறது.

ஆகவே எச்சரிக்கிறோம். பொதுத்துறையை விற்றால், நிலையான வேலையை ஒப்பந்தக் கூலியாக்கினால், விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுப்பதைச் சுருக்கினால், விற்கப்படுவது வங்கி மட்டுமல்ல. கூடைப்பந்தும் சேர்ந்தே விற்கப்படும். திருவல்லிக்கேணி விடுதியிலே கால் நீட்டிப் படுத்திருக்கிறானே, அவன் வந்த வழியே ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

அப்படியானால் லீக்கே வேண்டாமா? வேண்டும்! வேலையும் வேண்டும், லீக்கும் வேண்டும் என்பதே நம் நிலை. ஆண்டு முழுவதும் வலுவான அணிகளோடு மோதினால்தான் திறமை தீட்டப்படும். 2014இல் வூஹான் நகரிலே சீன அணியையே இந்திய அணி வென்றது. அந்த நெருப்பை ஊதி வளர்க்கும் துருத்தி நமக்கு இல்லாமற்போயிற்று. லீக்தான் அந்தத் துருத்தி.

எப்படி நடத்துவது? வழி காட்ட உலகம் இருக்கிறது. ஆசியாவின் முதல் தொழில்முறைக் கூடைப்பந்து லீக் எது? 1975இல் பிலிப்பைன்ஸ் நாட்டிலே தொடங்கியது. அவர்கள் ஆகாயத்திலிருந்து அணிகளை இறக்கவில்லை. ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த நிறுவன அணிகளையே கொண்டு தொடங்கினார்கள். சான் மிகுவேல், கிரிஸ்பா, டொயோட்டா என்ற பெயர்களைக் கேட்டாலே மக்கள் திரண்டார்கள். நமக்கும் அப்படிப்பட்ட அணிகள் உண்டல்லவா? வங்கி அணியை, ரயில்வே அணியை ஒதுக்கிவைத்துவிட்டு, கடனாக வாங்கிய ஆங்கிலப் பெயர்களைச் சூட்டுவதா லீக்?

"இலாபம் இல்லாமல் எத்தனை நாள் நடத்துவது?" என்பார் முதலாளி. அமெரிக்கக் கதையையே சொல்கிறோம். இன்று உலகை ஆளும் என்.பி.ஏ. 1946இல் பதினொரு அணிகளோடு வேறு பெயரிலே தொடங்கியது. முதல் ஆண்டு முடிந்ததும் நான்கு அணிகள் மூடப்பட்டன. 1954-55 பருவத்தில் எஞ்சி ஓடியவை எட்டே அணிகள். ஆட்டம் சலிப்பூட்டுகிறது என்று கண்டு, 24 வினாடிக்குள் பந்தை எறியவேண்டும் என்று 1954இல் விதி செய்தார்கள். பொறுத்தார்கள், திருத்தினார்கள், நிலைத்தார்கள். இங்கேயோ ஒரு பருவத்தில் இலாபம் காணோம் என்றால் மறு பருவத்தில் முதலாளியையே காணோம்!

இன்னொன்றும் அங்கே நடந்தது. உழைப்பாளர் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது. ஆட்டக்காரர்கள் 1954இல் சங்கம் கண்டார்கள். 1964 ஜனவரியில், பாஸ்டன் நகரிலே, நட்சத்திர வீரர்கள் மோதும் ஆட்டம், அரங்கிலே கூட்டம், தொலைக்காட்சிக்காரர் காத்திருக்கிறார். வீரர்களோ உடை மாற்றும் அறையை விட்டு வெளியே வரவில்லை! ஓய்வூதியத்துக்கு உறுதி கொடு, இல்லையேல் ஆட்டம் இல்லை என்றார்கள். மிரட்டிப் பார்த்தார்கள் முதலாளிகள், பலிக்கவில்லை. உறுதி கிடைத்தது, பிறகே பந்து எழும்பிற்று. ஆலை வாயிலிலே கைகட்டி நின்று உரிமை கேட்ட தொழிலாளிக்கும், அரைக்கால் சட்டையோடு அந்த அறையிலே நின்ற ஆட்டக்காரனுக்கும் என்ன வேறுபாடு? ஒன்றுமில்லை. இருவரும் உடலை விற்று உண்பவர்கள். இருவருக்கும் முதுமை உண்டு.

ஆகவே நாம் கேட்பது இவை. ஒன்று, லீக்கில் ஆடுபவனுக்கு எழுத்திலே ஒப்பந்தம், நாள் தவறாத ஊதியம், காயத்துக்குக் காப்பீடு. இரண்டு, லீக்கில் ஆடச் சென்றால் துறையிலே அவன் வேலை பறிபோகாது என்ற உறுதி. மூன்று, சென்னை அணி சென்னையிலே ஆடவேண்டும். தேநீர்க் காசுக்குச் சீட்டு கிடைக்கவேண்டும். நான்கு, பெண்களுக்கும் அதே லீக், அதே மரியாதை. ஐந்து, ஆட்டக்காரருக்குச் சங்கம். தமிழ்நாட்டு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்க்கு 3 விழுக்காடு ஒதுக்கியிருப்பது நல்ல ஏற்பாடு. டில்லியும் தன் துறைகளின் கதவை அகலத் திறக்கட்டும்.

நமக்கும் வேலை உண்டு, தோழர்களே. நம் படிப்பகத்துக்குப் பக்கத்திலே மாநகராட்சித் திடல் இருக்கிறதா? அங்கே வளையம் வளைந்து தொங்குகிறதா? வட்டக் கூட்டத்திலே பேசுங்கள், மன்ற உறுப்பினரிடம் கேளுங்கள், கம்பத்தை நிமிர்த்துங்கள். மாலையிலே பத்துப் பிள்ளைகள் ஆடட்டும். லீக் மேலிருந்து இறங்கி வரும் என்று காத்திருந்த காலம் போதும். அது தெருவிலிருந்து எழட்டும்!

நெய்ஸ்மித் கட்டிய கூடைக்கு அடிப்புறம் அடைத்திருந்தது. விழுந்த பந்தை ஏறி எடுத்தார்கள். பிறகே அடியைத் திறந்தார்கள், ஆட்டம் விரைந்தது. நம் லீக்கின் கூடையோ வேறு வகை. உழைப்பையெல்லாம் மேலே வாங்கிக்கொள்கிறது; கீழே நிற்பவன் கைக்கு ஒன்றும் வருவதில்லை. அந்த அடியைத் திறக்கச் சொல்கிறோம். திறக்கும்வரை சொல்லிக்கொண்டே இருப்போம்!